காமிராவுக்கும் தாளம் தெரிய வேண்டும்!

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு உலகத்தில் ஒரே ஒரு கோபம்தான் உண்டு. அது டெலிவிஷன் மீது!

கச்சேரியை நேரடியாக ஒளிபரப்புகிறார்கள் என்று தெரிந்தால் போதும், கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள், பாடகர் ராகத்தை நிறுத்த, வயலின் வித்வான் எடுத்துக்கொண்டார். திரையில் தெரிந்ததோ, முன்வரிசையில் வீற்றிருந்த பெரிய மனிதர் ஒருவரின் ஜரிகை அங்கவஸ்திரம்!

"ஏல, அங்கே வயலின்காரரு வாசிக்காரு, இவன் துண்டுக் கரையைக் காட்டுதான். படம் பிடிக்கவனுக்குத் தாளம் கிடையாதா?" என்றாள் ஆச்சி.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உங்கள் ஆச்சி சொன்னதுதான் எங்களுக்கு முதல் பாடம்" என்றார்.

கச்சேரிக்குக் குறைந்தது 3 காமிராக்கள் வேண்டுமாம். நடுவில் உள்ளது மேடை முழுவதையும் பார்க்கும். பக்கவாத்தியக்காரர்கள் பாடகரை நோக்கித் திரும்பி உட்காருவதால், வலப்புறம் இருப்பவரின் முகம் இடப்புறக் காமிராவுக்குத்தான் தெரியும். மிருதங்க வித்வான் இடக்கைப் பழக்கம் உள்ளவரா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டுமல்லவா? அவர் இடக்கைக்காரர் என்றால் அவரும் வயலின்காரரும் இடம் மாறி உட்காருவார்கள். அப்புறம் காமிராக்களின் கணக்கெல்லாம் தலைகீழ்தான்!

மூன்று படங்களையும் எதிரே வைத்துக்கொண்டு, எதை அனுப்புவது என்று நொடியில் முடிவு செய்கிறவர் ஒருவர். அவர் தேர்ந்த காமிராவில் சிவப்பு விளக்கு எரியும். சினிமாவைப் போல மறுபடி எடுக்க முடியாது, போனது போனதுதான். தனி ஆவர்த்தனம் வரப் போகிறது என்று பாடகரின் தலையசைப்பிலேயே அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரிய மைதானமாக இருந்து, மேடையருகே ராட்சதத் திரை வைத்தால் இன்னொரு தலைவலி. நம் நாட்டு டெலிவிஷனில் விநாடிக்கு 25 படங்கள். கருவிகளைக் கடந்து திரைக்கு வருவதற்குள் 3 படம் பின்தங்கினாலும் 0.12 விநாடி போய்விடும். ஒலி அதற்குள் சுமார் 40 மீட்டர் போய்விடுகிறது. ஆகவே ஒலிபெருக்கியிலிருந்து 40 மீட்டரில் இருப்பவருக்குக் கையும் சொல்லும் ஒன்றாகச் சேரும். பக்கத்தில் இருப்பவருக்கோ முதலில் 'தோம்'. பிறகுதான் கை விழும்! இதையெல்லாம் முன்பே அளந்து பார்த்துச் சரிக்கட்டுகிறார்கள்.

"எது மிகவும் கடினம்?" என்று கேட்டேன்.

"திருவையாறு!" என்றார்.

1847-ல் மறைந்த தியாகராஜ சுவாமிகளுக்குப் புஷ்ய பகுள பஞ்சமியில் நடக்கும் ஆராதனை அது. தூர்தர்ஷன் பல ஆண்டுகள் நேரடியாக ஒளிபரப்பிய விழா. மற்றக் கச்சேரிகளில் ஆட்கள் நாலைந்து பேர். அடுத்த பாட்டு என்னவென்று தெரியாது. இங்கே பாட்டு தெரியும்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து, ஐந்தும் ஆதி தாளம். ஆனால் பாடுகிறவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்! அவர்களுக்கும் சன்னிதிக்கும் குறுக்கே நில்லாமல் முகங்களையும் காட்ட வேண்டும், வழிபாட்டையும் காட்ட வேண்டும்.

அடுத்து வந்த பஞ்சமியன்று நான் அம்பையில் இருந்தேன். காலையிலேயே ஆச்சி தூணடியில் ஆஜர். நாட்டை தொடங்கியது. பாடுவோரின் கைகள் ஒன்றாக எழுந்து விழுவதைக் காமிரா மெல்ல மெல்லக் காட்டிக்கொண்டே போனது. ஆச்சியின் கையும் தொடையில் விழுந்துகொண்டிருந்தது. முழங்கால் வலியால் வாசற்படி தாண்டாதவள், அன்று காவிரிக் கரையில்தான் இருந்தாள்.

"இவனுக்குத் தாளம் இருக்குலே" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.