பள்ளிக்கூடத்துப் பாட்டு – 7: மகரக்கட்டுக்குப் பிறகு

பையன்களின் குரல் உடைவதை அந்தக் கால நாடகக் கம்பெனிக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் பாடியவர்களும் நடித்தவர்களும் சிறுவர்கள்தான். கையில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து அவர் எழுதுவார், சபாவில் இருந்த சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தது நாடக உலகம் அறிந்த செய்தி. ஆனால் பாட்டை நம்பி நடந்த கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையனின் நிலைமை பரிதாபம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட் போட்ட பி.யு. சின்னப்பா, குரல் உடைந்ததும் விலகிப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார். அங்கே முறையாகச் சங்கீதம் படித்தார். ‘உத்தமபுத்திரன்’ (1940), ‘கண்ணகி’ (1942) படங்களில் தமிழ்நாடு கேட்டது அந்தப் படிப்புக்குப் பின் வந்த குரலை. குரல் போன பிறகுதான் அவருக்கு வாத்தியார் அதிகம் தேவைப்பட்டார். நல்ல வேளை, கிடைத்தார்.

இன்றைய பள்ளிகள் அந்தக் கம்பெனிகள் செய்ததையே செய்கின்றன என்பது என் குற்றச்சாட்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்த எண்ணிக்கை அது. இசைக்கு வந்தவர்கள் அதில் ஒரு பங்கு. சில பள்ளிகளில் நிரந்தர இசையாசிரியர் உண்டு. மற்ற இடங்களில் ஒன்பதாம் வகுப்பில் குரலும் மாறுகிறது, இசை வகுப்பும் நின்றுபோகிறது. 2022-23-இல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழாவை மனதார வரவேற்கிறேன். ஆயினும் போட்டி என்பது ஏற்கெனவே தயாரான பிள்ளையைத்தான் அடையாளம் காணும். தயார் செய்வது யார்? பெரும்பாலும் வீடு, கோயில், தேவாலயப் பாடகர் குழு, அல்லது காசு கட்டிப் படிக்கும் கீபோர்டு வகுப்பு.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பாட்டைக் கட்டுவது, மேடையில் நிகழ்த்துவது, ஒலிப்பதிவு செய்து முடிப்பது மூன்றையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். குரல் நிலைகொள்ளாத பையன் தாளம் அமைக்கலாம், கூச்சப்படும் பெண் வரி எழுதலாம், இருவரும் சேர்ந்து பதிவைச் செம்மைப்படுத்தலாம். இதற்கு ஸ்டூடியோ வேண்டாம். பல அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. ஆடாசிட்டி போன்ற மென்பொருள் இலவசம். அலங்காநல்லூர் வேலு ஆசான் 2025-இல் பத்மஸ்ரீ பெற்றாரே, அந்தப் பறையையே எடுத்துக்கொள்வோம். செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் அடிக்குச்சி விழும் இடங்களில் திரையில் அலையின் உச்சி மொட்டையாக வெட்டுப்பட்டிருக்கும், கேட்டால் கரகரப்பு. நாலடி தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் சிண்டுக்குச்சியின் மெல்லிய ஓசையும் தனியாகப் பிரிந்து கேட்கும். தோல் பறையைத் தீயில் காய்ச்சியவுடன் பதிந்த துண்டும், தோல் தளர்ந்த பிறகு பதிந்த துண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்று தேடும் பிள்ளைக்கு இழுவிசை, அதிர்வெண், சுருதி மூன்றும் ஒரே பிற்பகலில் பிடிபடும்.

சரளி வரிசையே தெரியாதவன் பாட்டமைப்பதா என்று சங்கீத வாத்தியார்கள் கேட்பார்கள். அலட்சியப்படுத்தக் கூடிய கேள்வி அல்ல. அடிப்படைப் பயிற்சிக்கு மாற்று இல்லை. ஆனால் வரிசை இதுதான் என்று வரலாறு சொல்லவில்லை. பண்ணைப்புரத்து இளையராஜா பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக வாசித்தார். மேற்கத்திய இசைக் குறிமுறையைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. கையில் வேலை இருந்ததால் இலக்கணத்தின் அருமை தெரிந்தது. பிள்ளைகள் சினிமாப் பாட்டையே நகல் எடுப்பார்கள் என்ற கவலைக்கும் இதுவே பதில்: முதல் பாட்டு நகலாகத்தான் இருக்கும், நாலாவதில் சொந்த ஊர் எட்டிப்பார்க்கும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்ற பெற்றோரின் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. தேர்வுக்கு வெளியே இருக்கும் வரை எந்தக் கலைக்கும் அட்டவணையில் இடம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலங்கையில் சாதாரணதரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாகவே எடுக்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ தேர்வில் வாசிப்புக்கு 30 சதவீதம், சொந்தமாக இசையமைப்பதற்கு 30 சதவீதம் மதிப்பெண். நாம் அவ்வளவு தூரம் போக நாளாகும். அதுவரை இப்படிச் செய்யலாம்: மதுரைத் திருநகருக்குப் பக்கத்தில், பசுமலையில், அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் ஒரு பருவம் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம் கற்பிப்பதைப் பயிற்சியாகக் கணக்கிடலாம். ஒலிப்பதிவைக் கணினி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அந்த வகுப்பில் பிள்ளைகள் கட்டிய பாட்டை, அவர்களே பதிந்த வடிவத்தில், கலைத் திருவிழா நடுவர்கள் கேட்கட்டும்.