ஏரிக்கு அடியில் இன்னோர் ஏரி

சனிக்கிழமை காலை ஏழு மணி. பெட்டாலிங் ஜெயாவின் கிளானா ஜெயா ஏரிப் பூங்காவில் அப்பாவோடு மெதுவோட்டம் ஓடி முடித்துவிட்டு, மூச்சு வாங்கக் கரையோரம் நிற்கிறீர்கள். தண்ணீரில் திலாப்பியா மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பக்கத்தில் நிற்கும் ஒருவர், "பாவம், பசி போலிருக்கிறது" என்று ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறார்.

பசியாக இருக்கலாம். ஆனால் விடியற்காலையில் மீன்கள் இப்படி வாயைத் திறந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேறொன்றை. உங்களைப் போலவே அவையும் மூச்சு வாங்குகின்றன.

நீங்கள் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் உயிர்வளி இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் ஏரி நீரிலோ, காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். இந்தக் கொஞ்சத்தில்தான் மீன்களின் வாழ்க்கை ஓடுகிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீருக்குள் உயிர்வளியைச் சேர்க்கிறது. இரவில் ஒளி இல்லை. ஆனால் மீன், பாசி, பாக்டீரியா எல்லாமே சுவாசிக்கின்றன. வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் தொடர்கிறது. இரவு முழுவதும் இப்படியே போனால், இருப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம் எது? சூரியன் உதிக்கும் நேரம். அதாவது, நீங்கள் ஓடி முடித்து நிற்கும் அதே நேரம்.

இது தினமும் நடக்கும் ஏற்ற இறக்கம். பெரும்பாலான நாள்களில் மீன்கள் சமாளித்துவிடுகின்றன. சமாளிக்க முடியாத நாளும் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த ஏரி எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் ஓடி விளையாடும் ஏரிகளில் பல, பழைய ஈயக் குட்டைகள். கிளானா ஜெயாவும் அப்படித்தான், தித்திவங்சாவும் அப்படித்தான். ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று பேரங்காடியும் தங்குவிடுதியும் சூழ இருக்கும் மைன்ஸ் ஏரி, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. பேராக்கில் தைப்பிங் ஏரிப் பூங்கா இவற்றுக்கெல்லாம் மூத்தது. கைவிடப்பட்ட சுரங்க நிலத்தை 1880ஆம் ஆண்டிலேயே பூங்காவாக்கத் தொடங்கிவிட்டார்கள். ஈயம் எடுத்தவர்கள் வேகமான நீர்த்தாரையால் மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைக் குழாய் வழியே மேலேற்றி, சரிவான மரத் தொட்டிகளில் ஓடவிட்டார்கள். கனமான தாது அடியில் தங்கும். மண் அடித்துச் செல்லப்படும். தாது தீர்ந்த பள்ளங்களில் மழை நீரும் நிலத்தடி நீரும் நிரம்பின. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது எஞ்சியிருந்த சுரங்கங்களும் வரிசையாக மூடப்பட்டன.

இயற்கையான குளம் பொதுவாகத் தட்டுப் போன்றது; கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும். ஈயக் குட்டை குவளை போன்றது. பரப்பு சிறியது, சுவர் செங்குத்து. சுற்றிலும் மரமும் கட்டடமும் வேறு காற்றைத் தடுக்கின்றன. எனவே குவளையின் அடி வரை தண்ணீரைக் கலக்கிவிட யாரும் இல்லை.

வெயில் மேல் நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது, மிதக்கிறது. குளிர்ந்த நீர் அடியில் தங்குகிறது. "நம் ஊரில் மேலும் கீழும் இரண்டு மூன்று பாகைதானே வித்தியாசம்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 30 பாகைக்கும் 29 பாகைக்கும் இடையே நீரின் அடர்த்தி மாறும் அளவு, 5 பாகைக்கும் 4 பாகைக்கும் இடையே மாறுவதைவிட 30 மடங்குக்கும் அதிகம். ஆகவே வெப்பநாட்டு ஏரியில் சின்ன வேறுபாடே இரண்டு அடுக்குகளைப் பிரித்து வைக்கப் போதும். நாம் பார்ப்பது மேல் ஏரி. அதற்கு அடியில், வெளிச்சமும் காற்றும் எட்டாத இன்னோர் ஏரி இருக்கிறது. உதிர்ந்த இலை, செத்த பாசி, மூழ்கிய ரொட்டி எல்லாம் அங்கே போய் மட்குகின்றன. மட்கவைக்கும் பாக்டீரியா அங்குள்ள உயிர்வளியைத் தின்று தீர்க்கிறது. அதன்பின் உருவாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வீசுமே, அதே வாயு.

இப்போது ஒரு மாலை. பல நாள் வெயிலுக்குப் பிறகு இடியுடன் பெருமழை, பலத்த காற்று. குளிர்ந்த மழைநீர் மேல் நீரைவிடக் கனமானது. அது கீழே இறங்குகிறது, காற்று தள்ளுகிறது, அடுக்குகள் உடைகின்றன. உயிர்வளி இல்லாத கீழ் ஏரி மேலே வந்து கலக்கிறது. சாக்கடை அழுக்கும் மழையோடு வந்து சேர்கிறது. மறுநாள் காலை நூற்றுக்கணக்கில் மீன்கள் மிதக்கின்றன. உடனே, "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்ற பேச்சு கிளம்பும். அது உண்மையாகவும் இருக்கலாம்; நீரைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடயத்தை நீங்களே கவனிக்கலாம். திலாப்பியா செத்து மிதக்க, ஹாருவான் என்று நாம் சொல்லும் விரால் மட்டும் உயிரோடு திரிகிறதா? விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன். விஷம் என்றால் அது மட்டும் தப்புவது கடினம்.

ரொட்டிக்கு வருவோம். 400 கிராம் வெள்ளை ரொட்டியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 400 மில்லிகிராம் இருக்கும். ஒரு லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே ஏரியில் பாசி தாராளமாக வளரும் என்பது பரவலாகப் பயன்படுத்தப்படும் அளவுகோல். வகுத்துப் பாருங்கள். ஒரு ரொட்டியில் உள்ளது முழுவதும் கரைந்தால் 11,000 லிட்டருக்கும் அதிகமான நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். ஒரு நாள், ஒரு ரொட்டி என்றால் ஏரி தாங்கும். வார இறுதியில் ஐம்பது குடும்பங்கள் என்றால்?

அந்தச் செங்குத்துச் சுவரால் ஆபத்து மீனுக்கு மட்டும் இல்லை. பள்ளி விடுமுறைக் காலத்தில், ஈயக் குட்டையில் குளிக்கப்போன மாணவர் மூழ்கி இறந்தார் என்ற செய்தியை இந்த நாளிதழிலும் படித்திருப்பீர்கள். கரையில் முழங்கால் அளவு. அடுத்த அடியில் தலைக்கு மேல். அடியில் இருப்பது காலூன்ற முடியாத குழைசேறு. நீச்சல் தெரிந்தவரும் ஏறிவரப் பிடிமானம் கிடைக்காமல் தவிப்பார். பல சம்பவங்களில் இறப்பது ஒருவர் அல்லர். காப்பாற்றக் குதித்த நண்பரும் சேர்ந்தே போகிறார். ஆகவே குதிக்காதீர்கள். மூடிய காலி நெகிழிக் கலன், பந்து, நீண்ட கிளை என எது கைக்குக் கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். கத்தி ஆள் கூட்டுங்கள், 999க்கு அழையுங்கள். காலில் புண் இருந்தால் அலைந்து விளையாடவும் வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும்.

நனையாமலே இந்த ஏரியோடு பழக வழி இருக்கிறது. 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி, கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். நீங்களும் செய்யலாம். 20 சென்டிமீட்டர் அகல நெகிழி மூடியில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி நான்கு கால்வட்டங்களாகத் தீட்டுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் ஒரு கனத்தைக் கட்டுங்கள். கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. பெரியவர் ஒருவருடன், கைப்பிடி உள்ள பாலத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

தட்டு 50 சென்டிமீட்டரில் மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப்போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் போதும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அதாவது, சுமார் ஒரு மீட்டர். ஏரியின் ஆழம் எட்டு மீட்டர் என்றால் மற்ற ஏழு மீட்டரும் இருட்டு.

வெயில் வாரத்தில் ஒரு முறை, பெருமழைக்கு மறுநாள் காலை ஒரு முறை அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு வரி: மீன்கள் எத்தனை மணிக்கு வாயை மூடிக்கொண்டு கீழே போயின?