மரத்தில் படரும் இலைக்கன் நோயா?

உடுப்பிட்டியிலும் அயற்கிராமங்களிலும் தென்னை, மா, பூவரசு முதலிய மரங்களின் பட்டையில் சாம்பல் நிறத் திட்டுக்கள் படர்ந்திருப்பதைக் காண்கிறோம். தேமல் போன்ற இவற்றை நோயெனக் கருதிச் சுரண்டுவோரும் உளர்; பங்கசுநாசினி வாங்கித் தெளிப்போரும் உளர். இச்செலவு அவசியந்தானா?

இத்திட்டுக்கள் இலைக்கன்கள். இலைக்கன் என்பது தனியோர் உயிரன்று. பங்கசும் அல்காவும் சேர்ந்து நடத்தும் ஒரு குடித்தனம். பங்கசு வீடமைத்து ஈரத்தைக் காக்கிறது. அல்கா சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. 1860களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் சுவெண்டனர் இவ்வுண்மையை எடுத்துரைத்தபோது, அன்றைய இலைக்கன் அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர்.

வெப்ப நாடுகளில் மரப்பட்டைகளிற் பரவலாக வளரும் இலையுரு இலைக்கன்களுள் ஒன்று பிக்சைன் கொக்கோஸ். பெயரின் பின்பகுதி தென்னையைக் குறிப்பது. இதன் ஒடுங்கிய மடல்கள் பட்டையோடு ஒட்டி வட்டமாக விரியும். அடியிலுள்ள கரிய நுண்ணிழைகள் பட்டையைப் பற்றிக்கொள்ள மட்டுமே உதவுகின்றன. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை.

அப்படியாயின் நலிந்த மரங்களில் இவை கூடுதலாகத் தெரிவதேன்? இலை உதிர்ந்த மரத்தில் வெயில் நன்கு விழுகிறது. வளர்ச்சி குன்றிய மரத்தின் பட்டையும் விரைவிற் கழல்வதில்லை. இலைக்கனுக்கு இவை வாய்ப்பாகின்றன. நலிவு முந்தியது, இலைக்கன் பிந்தியது. நலிவின் காரணத்தை வேறிடத்திலேயே தேடவேண்டும்: வேரில், நீரின் உவர்ப்பில், குருத்தைத் துளைக்கும் வண்டில், ஓலையின் அடிப்புறத்தை மொய்க்கும் வெள்ளை ஈயில். திட்டைச் சுரண்டிவிட்டுத் திருப்தியடைந்தால் உண்மையான நோய் முற்றிவிடும். சுரண்டிய காயமோ வேறு கிருமிகளுக்கு வழிதிறந்துவிடும்.

இலைக்கனால் நமக்கொரு பயனும் உண்டு. மெழுகுத் தோல் இல்லாததால், காற்றில் வரும் நஞ்சையும் அது நீரோடு சேர்த்தே உள்வாங்குகிறது. 1866இல் வில்லியம் நைலாண்டர், பாரிஸ் நகரின் பிற பகுதிகளில் அருகிப்போன இலைக்கன்கள் லக்சம்பேர்க் பூங்காவில் மட்டும் செழித்திருப்பதைக் கண்டு, அவை காற்றின் தூய்மையைக் காட்டுகின்றன என்றார். நிலக்கரிப் புகையின் கந்தகவீரொட்சைட்டு பல இனங்களை அழித்துவிடும். பிக்சைன் கொக்கோஸ் ஓரளவு புகையைத் தாங்குவது. எனவே இந்தியாவின் லக்னோவில் வீதியோர மரங்களில் வளரும் அதனைச் சேகரித்து, வாகனப் புகையின் உலோகங்களை அளந்துள்ளனர்.

ஆகவே திட்டைக் கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடாது, முதலில் மரத்தின் தலையை அண்ணாந்து பார்ப்போம். குருத்தும் ஓலையும் செழிப்பாயின் எதுவும் செய்யவேண்டியதில்லை. வாடியிருப்பின் விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுவோம். மருந்துக்குச் செலவிடும் காசு பசளைக்கு உதவட்டும்.