கண்ணால் படிக்கிறவனா, காதால் படிக்கிறவனா?

பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்துகொள்வார்கள். எப்படிச் சொன்னால் மண்டையில் ஏறும், எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை வரும். ‘டிஎம்ஐடி’ என்று பெயர்; கட்டணம் ஆயிரங்களில். ‘உங்க பையன் விஷுவல் லேர்னர் மேடம், படம் போட்டுக் காட்டுங்க’ என்பார்கள். கைரேகை ஜோசியராவது ஒரு கையோடு விட்டுவிடுவார். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

ரேகை கிடக்கட்டும். அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை மெத்தப் படித்தவர்களிடமும் இருக்கிறது. பிள்ளைகளில் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என வகைகள் உண்டாம். வகைக்கு ஏற்றபடி நடத்தினால் மதிப்பெண் கூடுமாம். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங் 1987-இல் உருவாக்கிய ‘வார்க்’ வினாத்தாள் இந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டுபோனது. ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் சொன்ன பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்பினார்கள். நான் சொன்னது கற்றல் பாணி அல்ல என்று கார்ட்னரே 2013-இல் எழுத வேண்டியதாயிற்று.

ஹெரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் இதற்கு ஒரு உரைகல் வைத்தார்கள். ‘பார்த்துக் கற்பவர்’ எனப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குப் பேச்சாகவும் பாடம் நடத்த வேண்டும். ‘கேட்டுக் கற்பவர்’களுக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. தன் வகைக்குப் பொருந்திய பாடம் கிடைத்தவர்கள் முந்தினால்தான் கொள்கை நிற்கும். தேடிப் பார்த்தால் இப்படி முறையாக நடந்த ஆய்வுகளே சொற்பம். அவற்றிலும் பல, கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன. பிள்ளைக்குப் படம் பிடிக்கலாம், கதை பிடிக்கலாம். பிடித்த வழியில் சொன்னால் கூடுதலாகக் கற்பான் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

எப்படிச் சொல்லித்தருவது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. காவிரி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது என்பதற்கு வரைபடம் வேண்டும், பிள்ளை எந்த வகையானாலும். லகர, ளகர, ழகரத்தைக் காதில் போடாமல் பிரித்துக் காட்ட முடியாது.

நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்கள். கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாப் பிள்ளைக்கும். எழும்பூரில் ராணுவ ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி என்று சொல்ல வரவில்லை. வேறுபாடு இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே மூன்றாம் வகுப்பில் கதைப் புத்தகம் படிப்பவளும் இருப்பாள், எழுத்துக் கூட்டத் திணறுபவனும் இருப்பான். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் கை வைத்தது இந்த இடத்தில்தான். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துச் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ஏணிப்படி போல வரிசையாகக் கற்றல் அட்டைகள், சுவரின் அடியில் பிள்ளைக்கு எட்டும் கரும்பலகை, பாயில் வட்டமாக ஆசிரியர். நேற்று விட்ட அட்டையிலிருந்து இன்று தொடரலாம்; வாரம் முழுக்க வராத பிள்ளைக்கும் வகுப்பு ஓடிப்போய்விடாது. 2007-இல் மாநிலம் முழுக்கப் போனது. பரவிய வேகத்தில் பல இடங்களில் அட்டை மட்டும் மிஞ்சி, அதன் உயிர் போனது என்பது என் கணிப்பு.

அடுத்த முயற்சி நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கியது. 2022 ஜூன் 13 அன்று அழிஞ்சிவாக்கம் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளைச் சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவது. இதுவும் வகை பிரிப்புதானே என்றால், இல்லை. அரும்பு நாளைக்கு மொட்டாகலாம். ‘கேட்டுக் கற்பவன்’ என்ற முத்திரைக்கு நாளை என்பதே கிடையாது.

அந்த முத்திரையில் ஆபத்தும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடர்ந்து திணறுகிற பிள்ளையை, அவன் காதால் படிக்கிறவன் என்று சொல்லி விட்டுவிட்டால் டிஸ்லெக்ஸியாவைக் கவனிக்காமலே வருடங்கள் போய்விடும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991 முதல் இதற்காக இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நம் மாவட்டத்து ஆவடியில் வீட்டு மொழி என்ற இன்னொரு வேறுபாடு கண்முன்னே நிற்கிறது. டேங்க் ஃபேக்டரி, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சிஆர்பிஎஃப் என்று நாலா பக்கத்து ஜனங்களும் வந்து சேர்ந்த ஊர். வீட்டில் இந்தி, தெலுங்கு, ஒடியா பேசும் பிள்ளைகள் இங்கே உண்டு. நரிக்குறவர் குடியிருப்பும் உண்டு. 2022 ஏப்ரலில் முதல்வர் நேரில் வந்து ஒரு மாணவியின் வீட்டில் சாப்பிட்டுப்போன இடம். அவ்வாண்டு டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அதற்குத் தனி எழுத்து இல்லை. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ‘புஸ்தகத்தை எடு’ என்று சொன்னதும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எடுக்கிறவனை ‘பார்த்துக் கற்பவன்’ என்று குறித்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! ஒடிசா 2006 வாக்கிலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளை ஆரம்பித்து, அந்தந்த மொழி பேசுகிறவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தியது. ரேகை பார்க்கக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி போதும், வாக்ரிபோலி பேசுகிற ஓர் அக்காவை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்க.