உடைந்த இழைக்கு ஒரு பச்சை வெளிச்சம்

மூளைக் கலத்தின் கருவுக்குள்ளே எட்டிப் பார்க்க வாருங்கள். அங்கே நடப்பதை முதன்முதலாக வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை!

டீ.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஓரிடத்தில் அறுந்துவிட்டன என்று வையுங்கள். ஏ.ரீ.எம். என்ற நொதியம் அதுவரை சோடி சோடியாக ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அறுந்ததுதான் தாமதம், தன்மேலேயே ஒரு பொஸ்பேற்றை ஏற்றிக்கொண்டு சோடியைப் பிரித்துக்கொள்கிறது! 2003இல் பக்கனிஸ்ட், காஸ்டன் என்ற இருவர் கண்டுபிடித்தது இது. அடுத்து, டீ.என்.ஏ. சுற்றிக் கிடக்கும் எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தின் 139ஆவது இடத்தில் இன்னொரு பொஸ்பேற்று. ஒரு பொஸ்பரசு, கூடவே சில ஒட்சிசன், அவ்வளவுதான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்ததும் ஊர் திரள்வதுபோல, சில நிமிடங்களில் திருத்தவேலைப் புரதங்கள் அங்கே குவிந்துவிடுகின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொஸ்பேற்று ஏறிய எச்2ஏஎக்ஸை மட்டும் பிடிக்கிற பிறபொருளெதிரிக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் வைக்கிறார்கள். நீலக் கருவுக்குள்ளே பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள்!

2013இல் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தார் எலிகளைப் புதிய இடமொன்றில் விட்டார்கள். அவை மோந்து மோந்து சுற்றின, வேறொன்றுமில்லை. அதற்கே மூளைக் கலங்களில் புள்ளிகள் கூடிவிட்டன! ஒரு நாளுக்குள் உடைவுகள் திருந்தின. புதிதாக ஒன்றை அறியும்போதே டீ.என்.ஏ. உடைந்து ஒட்டுகிறது என்றால் பாருங்கள். அல்சைமர் மறதிநோயை ஆராய உருவாக்கிய எலிகளிலோ உடைவும் அதிகம், திருந்தவும் நேரமெடுத்தது.

அதே அல்சைமரில் டௌ என்ற புரதத்தின்மேல் பொஸ்பேற்று வழமையைவிட மூன்று நான்கு மடங்கு ஏறிவிடுகிறது. அப்படி ஏறிய டௌ, கலத்துக்குள் முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது. காலித் இக்பாலும் அவர் மனைவி இங்கே குருண்ட்கே-இக்பாலும் முடிச்சுகளில் உள்ள டௌவில் பொஸ்பேற்று மிகுந்திருப்பதை 1986இல் காட்டினார்கள். இன்று அந்த டௌவை இரத்தத்திலேயே அளக்கலாம். அமெரிக்கா 2025 மே மாதம் அப்படியொரு சோதனைக்கு அனுமதி கொடுத்தது.

சரி, முதலில் பார்த்த ஏ.ரீ.எம். பிறவியிலேயே பழுதாக இருந்தால்? அந்த நோய்க்கு அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா என்று பெயர். நடை பழகும் பிள்ளை தள்ளாடும். சில வருடங்களில் கண்ணின் வெள்ளையில் சிவப்பு நாளங்கள் படரும். சிறுமூளையின் பேர்கிஞ்சிக் கலங்கள் ஒவ்வொன்றாக அழியும். 40,000 முதல் 1,00,000 பிறப்புக்கு ஒன்றுதான். உம்மா, வாப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே நோய்.

அக்கரைப்பற்றிலே இதைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் குடி என்ற வம்சம் தாய்வழி; ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. மாமா மகள் வேறு குடி, ஆகவே முடிக்கலாம். ஆனால் மாப்பிள்ளைக்கு உம்மம்மாவானவர்தான் பொண்ணுக்கு வாப்பும்மா. அந்த ஒருவரிடமிருந்தே ஒரே பழுது இரு பக்கமாகவும் இறங்கி வரலாம், குடி அதைத் தடுக்காது.

பிள்ளையின் தள்ளாட்டம் வயதோடு கூடுகிறதா, கண் சிவப்பு மருந்துக்கும் மாறவில்லையா? நரம்பியல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள், சொந்தத்தில் முடித்தவர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே, சீ.ரீ. ஸ்கேன் எடுக்குமுன் இந்த நோயாக இருக்குமோ என்று கட்டாயம் கேளுங்கள். ஏ.ரீ.எம். இல்லாத கலங்கள், டீ.என்.ஏ.யை உடைக்கும் அந்தக் கதிரை எளிதில் தாங்காது.