அறுப்பதா, சேர்ப்பதா?

பேராக்கின் பழம்பொருட்கள் – 6

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட பால்மரங்களில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த நூறாண்டில் பேராக்கின் எத்தனையோ ஊர்களில் லயத்துக்குப் பின்னாலும் பால்மரம், தமிழ்ப்பள்ளிக்குப் பின்னாலும் பால்மரம் என்றாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து லயத்து வீட்டுப் பெஞ்சைப் புரட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் பால்மரத்தில் செய்ததாக இருக்காது.

காரணம், பால்மரத்தில் வைரம் பாய்வதில்லை. உள்ளும் புறமும் மாவுச்சத்து நிறைந்த வெளிறுதான். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம் அடுப்புக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போனது அதனால்தான். மரத்தை அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறையைக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்றவை செம்மைப்படுத்திய பிறகே விறகு தளவாடமானது. 1980களில் அது மலேசியாவின் பெரிய ஏற்றுமதிச் சரக்காகவும் வளர்ந்தது.

ஆகவே ஈப்போ ஞாயிறு சந்தையில் ஒருவர் பால்மர நாற்காலியைக் காட்டி 'துரை காலத்துச் சாமான்' என்றால், வாங்குபவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பாலிஷ் படாத அடிப்பக்கம் வெளிர் வைக்கோல் நிறமாக இருக்கிறதா? குட்டைத் துண்டுகளை விரல் கோத்ததுபோல் ஒட்டி நீளமாக்கியிருக்கிறார்களா? இரண்டும் இருந்தால் அது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது ஆண்டுக்குள் ஆலையில் செய்தது. கால் ஆடினால் ஒட்டிச் சரிசெய்து உட்காரலாம். பிரித்துப் பலகை எடுக்கலாம் என்று நினைப்பது வீண். ஒழுகும் கூரையின் கீழ் கிடந்ததென்றால் இன்னும் மோசம். போரான் நீரில் கரைந்து வெளியேறிவிடும், வண்டுக்குத் தடை இருக்காது. கறுப்புத் தாளை அடியில் விரித்துச் சில வாரம் வைத்தால் உண்மை தெரியும். புதிய மாவு உதிர்ந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்படி உளுத்ததை மற்ற சாமான்களின் பக்கமே விடக்கூடாது.

செங்கால் கதை வேறு. மலேசியத் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் இயற்கையாக வளரும் இந்த மரம் உலர்ந்த பின்னும் கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். பால்மரம் 600 கிலோ அளவில்தான் நிற்கும். கோயில் திண்ணையிலோ பள்ளியிலோ இருந்து வந்த செங்கால் பெஞ்சு, மேலே கறுத்து அழுக்கேறியிருந்தாலும் இரண்டு முறை இழைத்தால் உள்ளே திடமாக இருக்கும். ஆசை பிறப்பதும் இங்கேதான். காப்பிக்கடை மேசைக்குக் கனத்த பழம்பலகை கேட்டு வருவோருக்கு அதை அறுத்துக் கொடுத்துவிடலாமே!

அவசரப்பட வேண்டாம். கழுந்துக்குக் குடைந்த துளைகள், துருப்பிடித்த ஆணி, வாள் போகும் தடம், மறுபடி இழைப்பு எல்லாம் கழிந்தால், பெஞ்சில் கண்ட நீளமும் கனமும் பலகையில் கிடைக்காது. ஒரு கால் முறிந்ததற்காகவோ கழுந்து தளர்ந்ததற்காகவோ பெஞ்சை அறுப்பது தவறு. கால்களும் சட்டமும் செல்லரித்து மேற்பலகை மட்டும் மிஞ்சினால்தான் பலகைக்காகப் பிரிக்க நியாயம் உண்டு.

பிரித்துச் சேர்ப்பதற்குப் பழைய தச்சர்களே வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒட்டிய வஜ்ரப் பசை வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். மூட்டு சேதமின்றிக் கழன்று வரும். இன்றைய எபாக்ஸியைப் பூசினால் அடுத்த தலைமுறைத் தச்சர் உடைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர் உப்புத்தாள் போடாமல், முகக்கவசத்தோடு ஈரமாகத் தேய்ப்பதே பாதுகாப்பு.

ஈப்போ பழைய நகரக் காப்பிக்கடைகளின் வளைமர நாற்காலிக்கு இந்தக் குழப்பமே இல்லை. 1859இல் தோனெட் நிறுவனம் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு என்ற கணக்கில் உருவானது. அந்த வழியில் ஆவியில் வளைத்த மரத்திலிருந்து ஒரு சாண் பலகைகூடக் கிடைக்காது. திருகாணியை முடுக்கி, பிரம்பு மாற்றிப் பின்னினால் மறுபடி கடைக்குப் போகும்.

தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறும்போது லயத்துச் சாமான்கள் லாரியில் ஏறிவிடுகின்றன. எந்தத் தோட்டம், எந்த வீடு, யார் செய்தது என்ற விவரம் ஏறுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் பெஞ்சின் அடிப்பக்கம் எழுதுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். அறுப்பதா சேர்ப்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

(தொடரும்)