கரன்ட் போன பிறகு ஓடவேண்டிய மோட்டார்

பேட்டரில ஓடுற சம்ப் பம்ப் பத்தி யூடியூப்ல தேடினா வர்றது பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள்தான். அங்க சம்ப்னா, பேஸ்மென்ட் தரைக்குக் கீழ ஊறி வர்ற தண்ணி சேர்ற ஒரு சின்னக் குழி. அதை இறைச்சு வெளிய தள்ளத்தான் பம்ப். நம்ம ஊர்ல சம்ப்னா லாரித் தண்ணி வாங்கி ஊத்தி வைக்கிற தொட்டி. அவங்களுக்கு வெளிய போகவேண்டிய தண்ணி, நமக்கு உள்ள இருக்கவேண்டிய தண்ணி! அதனால இந்த எபிசோட் முழுக்க நான் "குழி"ன்னு சொன்னா அது மழைத்தண்ணி சேர்ற குழி. "சம்ப்"னா நீங்க குளிக்கிற தண்ணி.

தாம்பரம் பக்கம் பேஸ்மென்ட் இருக்கிற வீடு குறைவு. ஆனா குழி தேவைப்படுற வீடு நிறைய. காரணம் ரோடு. பழைய தாரைச் சுரண்டாம அது மேலயே புதுசா போட்டுக்கிட்டே போனா, 20 வருஷத்துக்கு முன்னாடி ரோட்டை விட உயரமா கட்டின வீடு இன்னைக்குப் பள்ளத்துல நிக்கும். வீட்டையே ஜாக்கி வெச்சுத் தூக்குறது சென்னையில ஒரு தொழிலாவே ஆகிடுச்சு, அந்த அளவுக்கு. அபார்ட்மென்ட்னா கார் பார்க்கிங்கும் லிஃப்ட் குழியும்தான் முதல்ல நிரம்பும். நவம்பர் பாதியில நிலத்தடி நீர் மேல வந்துட்டா, மழை நின்ன பிறகும் லிஃப்ட் குழியில தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும்.

பலர் ஏற்கெனவே ஒரு அரை எச்.பி. மோட்டார் வாங்கி வெச்சிருப்பீங்க. சிக்கல் என்னன்னா, பெரிய மழையில கரன்ட் தானா போகாட்டியும் ஈ.பி.யே நிறுத்திடும். தண்ணிக்குள்ள நிக்கிற பில்லர் பாக்ஸ்ல கரன்ட் ஓடினா உயிர் போகும், அதனால நிறுத்துறதுதான் சரி. ஆனா உங்க மோட்டார் தேவைப்படுற நேரமும் கரன்ட் இல்லாத நேரமும் எப்பவும் ஒண்ணாதான் வரும். பேட்டரி இதுக்குத்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். அது மேல 49 செ.மீ. விழுந்தா கிட்டத்தட்ட 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்பது. கேக்க பயமா இருக்கு, ஆனா சராசரியா மணிக்கு 4,500 லிட்டர்தான். ஒரு சாதாரண அரை எச்.பி. மோட்டார் இதைத் தாராளமா இறைச்சுடும். மழை சராசரியா பெய்யாது, கொட்டுற ஒரு மணி நேரத்துல தண்ணி ஏறத்தான் செய்யும். இருந்தாலும் உங்க மனையில விழுற மழை உங்க மோட்டாரால சமாளிக்கக்கூடிய தண்ணி.

அதே நாள் முடிச்சூர், வரதராஜபுரத்துல வீடுகளுக்குள்ள வந்தது இந்தத் தண்ணி இல்ல. அடையாறு கரை தாண்டி வந்தது. அங்க படகுல போய் ஆளுங்களை மீட்டாங்க. அந்தத் தண்ணிக்கு எந்த மோட்டாரும் கிடையாது. ரோட்டுத் தண்ணி உங்க கேட்டைத் தாண்டி உள்ள வந்துட்டா, நீங்க இறைக்கிறது ரோட்டுக்குப் போய் அதே கேட் வழியா திரும்ப வரும். அந்த நிலை வந்தா மோட்டாரை நிறுத்துங்க, பேட்டரி மிச்சமாகட்டும். அடையாத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்க இந்தப் பணத்தை வேற எதுலயாவது போடலாம்னுதான் நான் சொல்வேன்.

சரி, எந்த செட்டப்? ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, இருக்கிற மோட்டாரை இன்வர்ட்டர்ல ஓட்டுறது. அரை எச்.பி.ன்னா 373 வாட், ஆனா அது மோட்டார் வெளிய தர்ற சக்தி. உள்ள இழுக்கிறது 600 வாட்டுக்கு மேல போகும். ஸ்டார்ட் ஆகுற நொடியில அதைவிடப் பல மடங்கு. ஃபேனும் லைட்டும் ஓடுற 900 வி.ஏ. இன்வர்ட்டர் இங்க ஓவர்லோடு காட்டிட்டு உக்காந்துடும். சைன் வேவ், 24 வோல்ட், 2 கே.வி.ஏ. அளவுல யோசிங்க. ரெண்டு 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரின்னா பேப்பர்ல 3,600 வாட்-அவர். ஆனா அந்த 150ங்கிறது 20 மணி நேரம் மெதுவா இழுத்தா கிடைக்கிற அளவு. மோட்டார் வேகமா இழுக்கும், இன்வர்ட்டர்லயும் கொஞ்சம் வீணாகும். பேட்டரியைக் காயவும் விடக்கூடாது. கையில நிக்கிறது பாதிதான், தொடர்ந்து ஓடினா ரெண்டரை, மூணு மணி நேரம். நல்ல செய்தி என்னன்னா, ஃப்ளோட் சுவிட்ச் இருந்தா மோட்டார் தொடர்ந்து ஓடாது. மணிக்குப் பத்து நிமிஷம்னு ஓடினா ஒரு ராத்திரி தாராளமா தாண்டும்.

ரெண்டாவது வழி எனக்குப் பிடிச்சது. படகோட அடியில சேர்ற தண்ணியை இறைக்கிற 12 வோல்ட் பம்ப். ஒரே பேட்டரி, இன்வர்ட்டர் வேண்டாம், 12 வோல்ட்ல ஷாக் பயமும் இல்லை. பெட்டியில 2,000 கேலன்னு போட்டிருக்கும். அது அமெரிக்க கேலன், மணிக்கு சுமார் 7,500 லிட்டர். அதுவும் பைப் மேல ஏறவே இல்லைன்னா. ரெண்டு மீட்டர் ஏத்தினா பாதிதான் வரும்னு வெச்சுக்குங்க. சேறும் இலையும் இதுக்கு ஆகாது. வலைக்கூடைக்குள்ள வெச்சே ஆகணும். லிஃப்ட் குழி ஊத்துத் தண்ணிக்கு இது அருமை, காம்பவுண்ட் முழுக்க வடிக்கப் போதாது.

இதுல பலர் கோட்டை விடுற இடம் வயர். பேட்டரியை 2015ல தண்ணி ஏறின அளவுக்கு மேல வைக்கணும், பெரும்பாலும் முதல் மாடிப் படிக்கட்டு திரும்புற இடம். அங்கிருந்து குழிக்கு 10 மீட்டர்னா போக வர 20 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர்ல 10 ஆம்பியர் போனா வழியிலேயே 2.4 வோல்ட் காணாம போகும். 230 வோல்ட்ல அது ஒண்ணுமே இல்ல, 12ல அது அஞ்சுல ஒரு பங்கு. 6 ஸ்கொயர் எம்.எம். போட்டா இழப்பு அரை வோல்ட் சொச்சம்தான். பேட்டரி முனைக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் வைங்க.

பைப்ல ஒரு என்.ஆர்.வி. வேணும், இல்லைன்னா மோட்டார் நின்னதும் பைப்ல இருக்கிற தண்ணி குழிக்கே திரும்பி, ஃப்ளோட் தூக்கி, மறுபடி மோட்டார் ஓடி, ராத்திரி முழுக்க இதே கூத்து. வால்வுக்குக் கீழ, பம்புக்கு மேல பைப்ல 3 எம்.எம்.ல ஒரு ஓட்டை போடச் சொல்லுங்க, உள்ள மாட்டுற காத்து அது வழியா போயிடும். பிளம்பர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பாரு, பரவாயில்ல. பைப்போட வாய் ரோட்டுல தண்ணி நிக்கிற மட்டத்துக்கு மேல இருக்கணும். டிரைனேஜ் சேம்பருக்குள்ள விடாதீங்க, அது ஏற்கெனவே நிரம்பி பாத்ரூம் வழியா திரும்பி வரும்.

இன்வர்ட்டர் வெச்சிருக்கிறவங்க அடுத்த ரெண்டு வரியைக் கவனமா கேளுங்க. ஈ.பி. கரன்ட் போயிட்டா வீட்டுல கரன்ட்டே இல்லைன்னு நினைச்சுத் தண்ணியில கால் வைக்கிறோம். ஆனா இன்வர்ட்டர் லைன்ல இருக்கிற பிளக் பாயின்ட் எல்லாம் அப்பவும் 230 வோல்ட்லதான் இருக்கு! தண்ணி பிளக் பாயின்ட்டை நெருங்கினா, காலை நனைக்கிறதுக்கு முன்னாடி இன்வர்ட்டரை நீங்களே அணைக்கணும். இன்வர்ட்டரோட அவுட்புட்டுக்குத் தனியா ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்க. அதுல இருக்கிற டெஸ்ட் பட்டன் அந்தக் கருவி வேலை செய்யுதான்னு மட்டும்தான் சொல்லும், எர்த் சரியா இருக்கான்னு சொல்லாது. இன்வர்ட்டர் ஓடும்போதே எர்த்தைச் சோதிக்கச் சொல்லி எலக்ட்ரீஷியன்கிட்ட கேளுங்க. குழியில பம்ப் சிக்கிக்கிச்சுன்னா, பிளக்கைப் பிடுங்காம கையை விடாதீங்க.

பராமரிப்புக்கு நான் வெச்சிருக்கிற நாள் ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னாடி வரும், இன்வர்ட்டருக்குப் பொட்டு வைக்க எப்படியும் கிட்ட போவோம். பேட்டரியில டிஸ்டில்ட் வாட்டர் குறைஞ்சிருந்தா ஊத்துங்க. முனையில பூத்த பச்சையைச் சுரண்டி வாசலின் தடவுங்க. குழியில சேர்ந்த சேறு, பாலிதீன் கவர், பாதாம் இலை எல்லாத்தையும் அள்ளிட்டு, மெயினை ஆஃப் பண்ணிட்டு, நாலு பக்கெட் தண்ணி ஊத்துங்க. ஃப்ளோட் தானா தூக்கி, பம்ப் ஓடி, தானா நிக்கணும். ஃப்ளோட் ஒயர் பைப்புல சுத்திக்கிட்டு நின்னா அது அன்னைக்கே தெரியும். அப்புறம் மழை முடியிற வரைக்கும் மாசம் ஒரு தடவை ஒரு நிமிஷம் ஓட்டினா போதும், சும்மா கிடந்தா பம்ப் இறுகிடும். பேட்டரி மேல வாங்கின மாசம், வருஷம் எழுதி வைங்க. நாலஞ்சு வருஷம் ஆனா அது முழுசா சார்ஜ்னு காட்டும், மோட்டார் போட்டா பத்து நிமிஷத்துல படுத்துடும்.

சம்ப் பத்தி ஒரே வார்த்தை: மூடி இருக்கிற விளிம்பை ஒரு அடி உயர்த்திக் கட்டிடுங்க, சாக்கடை கலந்த தண்ணி உள்ள போகாது. பிளாஸ்டிக் தொட்டியைப் புதைச்சு வெச்சிருந்தா மழைக்காலத்துல காலியா விடாதீங்க, நிலத்தடி நீர் அதை மேல தூக்கிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் நேரத்துல பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் நாள்கணக்குல கரன்ட் இல்ல. அதுக்கு எந்த வீட்டு பேட்டரியும் தாங்காது. அது முதல் ராத்திரிக்குத்தான் (சிரிக்காதீங்க). காரையும் பைக்கையும் மேட்டுக்குக் கொண்டுபோக, லிஃப்ட்டை மேல் மாடியில நிறுத்தி ஆஃப் பண்ண, கீழ்வீட்டுப் பாட்டியை மாடிக்குக் கூட்டிட்டு வர அந்த நேரம் கிடைக்கும். அடுத்த நாளுக்கு அசோசியேஷன்ல சேர்ந்து ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கலாம், ஆனா அதை மூடின பார்க்கிங்குக்குள்ள ஓட்டாதீங்க, புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாம ஆளைச் சாய்ச்சுடும். மொட்டை மாடியில, திறந்த இடத்துல, மேல ஒரு தகரம் போட்டு வைங்க.